மேல் பார்த்து நின்ற வண்டி

லாரியில் ஏறி அவள் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் நன்றாகத்தான் சுற்றியது. சத்தத்தில் தளர்ச்சி இல்லை. எஞ்சின்தான் பற்றிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு முறை உறுமி, வண்டி முழுவதையும் ஓர் உலுக்கு உலுக்கிவிட்டு அடங்கிப்போனது. அதற்குப் பிறகு எவ்வளவு சுற்றியும் ஒன்றும் இல்லை.

"தும்மல் வர்ற மாதிரி வந்து போயிடுச்சு அண்ணி," என்றாள் நாத்தனார். டீ டம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"புகை வருதா பாரு."

நாத்தனார் வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். "சுத்தமா இல்ல."

டீசல் எஞ்சினுக்கு இது ஒரு நல்ல கேள்வி. எஞ்சின் சுற்றும்போது வெள்ளையாகப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை. பெட்ரோல் வண்டி மாதிரி பொறி வைக்கிற ஏற்பாடெல்லாம் டீசலுக்குக் கிடையாது. காற்றை இறுக்கி அமுக்கினால் அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே எரியும். அதனால் காற்று இருக்க வேண்டிய இடத்தில் காற்றும், டீசல் இருக்க வேண்டிய இடத்தில் டீசலும் இருந்தால் போதும், வண்டி கிளம்பிவிடும். டீசல் வர வேண்டிய குழாயில் காற்று வந்துவிட்டால் தீர்ந்தது கதை.

அவள் இறங்கி, வண்டியின் பக்கவாட்டில் தலையை நுழைத்தாள். டாங்கிலிருந்து டீசலை உறிஞ்சி மேலே அனுப்பும் சின்ன பம்பின் தலையில் ஒரு குமிழ் உண்டு. அதைத் திருகி விடுவித்துக் கையால் அமுக்கினாள். முதலில் வெறும் காற்றை அமுக்குவது போல் இருந்தது, எதிர்ப்பே இல்லை. ஃபில்டரின் மேலிருக்கும் திருகைத் தளர்த்திவிட்டு, அமுக்கிக்கொண்டே இருந்தாள். நுரை வந்தது. நுரை, கொப்புளம், மறுபடி நுரை. கடைசியில் டீசல் நூல் போலச் சுத்தமாக வழிந்தது. திருகை இறுக்கினாள்.

"ஏம்மா," உள்ளேயிருந்து கணவன் குரல் கொடுத்தான். காலில் மாவுக்கட்டோடு முன்னறைக் கட்டிலில் சன்னலோரம் கிடந்தவனுக்குத் தெருவின் சத்தத்தைக் கேட்பது மட்டும்தான் வேலை. "ஆக்சிலேட்டர் குடுத்துப் பாத்தியா?"

"குடுத்தேன்."

"பாதி குடுத்தியா, முழுசா குடுத்தியா?"

"பாதியும் குடுத்தேன், முழுசும் குடுத்தேன். வேணும்னா வந்து நீங்க மீதியக் குடுங்க."

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இந்த முறை முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. நேற்று இதே இடத்தில் இதே சாவிக்குச் சட்டென்று கிளம்பிய வண்டி இது. முந்தாநாள் கிளம்பவில்லை. போன வாரம் தூரத்து ஊருக்கு ஜல்லி அடித்தபோது ஒரு நாள்கூடத் தகராறு செய்யவில்லை. அதுதான் அவளுக்குப் பிடிபடாத விஷயம். எப்போதும் கிளம்பாத வண்டியைப் பழுது பார்த்துவிடலாம். சில நாள் மட்டும் கிளம்பாத வண்டியை எங்கே தொடுவது?

பத்து வருஷமாக அவள் இந்த லாரியின் இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்து, செங்கல் ஏற்றி, செங்கல் இறக்கி, கணவனோடு போய் வந்தவள். சூளைத் திடலில் ஓட்டக் கற்று, முறையாக லைசன்சும் எடுத்தாள். லாரியின் பின்கதவுக் கொக்கி நழுவி, அவன் காலில் பலகையோடு செங்கல் சரிந்தபோது, இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். தெருவில் அவளுக்கு டிரைவரம்மா என்று பெயர் வந்தது. சிலர் மரியாதையாகச் சொன்னார்கள், சிலர் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். அவள் இரண்டு பேருக்கும் ஒரே ஹாரனைத்தான் அடித்தாள்.

கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போனபோது கொத்தனார் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"வாங்க டிரைவரம்மா. கல்லு வர்ற வரைக்கும் என் ஆளுங்க மடியில கைய வெச்சு உக்காந்திருக்காங்க. கலந்த கலவை இறுகுது."

"வண்டி மக்கர் பண்ணிடுச்சுண்ணே."

"நேத்து பண்ணலியே?"

"நேத்து பண்ணல."

"அப்ப அதுக்கு ரோஷம். நல்ல நாள் கெட்ட நாள் பாக்குது." கொத்தனார் சிரித்தார். ஆனால் செங்கல்லை இறக்கும்போது அவர் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கணவனின் அண்ணன்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். மரக்கடையில் கணக்குப் பார்ப்பவர். சட்டைப்பையில் பேனா இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை காலைல ஆள் வர்றான்மா," என்றார். "வண்டியப் பாக்க. நல்ல பார்ட்டி. இவன் கால் சரியாக இன்னும் மாசக்கணக்காகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுவரைக்கும் ஓடாத வண்டிய வாசல்ல வெச்சு அழகு பாக்கவா?"

"வண்டி ஓடிட்டுதான் மாமா இருக்கு."

"எங்க ஓடுது? தெருவே சொல்லுது. அவன் கையில ஒரு நாள் நின்னிருக்கா? உன் கைக்கு வந்ததுலேருந்துதான் இந்தக் கூத்து. கேட்டா வண்டியில கோளாறுங்கற. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

நாத்தனார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தையல் மிஷினில் உட்கார்ந்து அவளுக்கு நாக்கும் ஊசியாகிவிட்டது என்று தெருவில் பேச்சு. "பெரியண்ணே, நீங்க ஓட்டிக் காமிங்களேன். உங்களுக்குத்தான் கூடம் நேரா இருக்கே."

"நீ சும்மா இரு."

டிரைவரம்மா கணவனைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

அவன் மாவுக்கட்டுக் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "காரணம் தெரிஞ்சா பரவால்ல. இன்னிக்குக் கிளம்பும், நாளைக்குக் கிளம்பாதுன்னா எந்த நம்பிக்கையில லோடு ஒத்துக்கறது? அடுத்த தடவ லேட்டானா வேற வண்டி பாத்துக்கறேன்னு கான்ட்ராக்டர் போன்ல சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள இன்னதுதான் கோளாறுன்னு சொல்லு. விக்க மாட்டேன். சொல்ல முடியலேன்னா நீயும் மல்லுக்கட்டாத."

"சொல்றேன்," என்றாள். "சொல்லிட்டா இந்தப் பேச்சு இந்த வீட்டுல மறுபடி வரக் கூடாது. மாமா, உங்க எதிர்லயே கேட்டுக்கறேன்."

அண்ணன்காரர் பேனாவை எடுத்து, எழுத ஒன்றும் இல்லாததால் திரும்பப் பையில் செருகினார்.

மறுநாள் வேலை முடிந்ததும் மெக்கானிக்கிடம் போனாள். மெக்கானிக்குக்குப் பட்டறை வட்டாரத்தில் பேட்டரி என்று பெயர். எந்த வண்டிக்கு என்ன வந்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசுவார். கெட்டிக்காரர். கை சுத்தம். இந்த வண்டிக்கு ஃபில்டர் மாற்றியாகிவிட்டது, ஃபில்டர் பக்கத்துச் செம்பு வாஷர்களெல்லாம் மாற்றியாகிவிட்டது.

"டாங்க் நிறைய ஊத்திட்டு வந்தீங்களா? டெஸ்ட் பண்ணணும்னா டீசல் வேணும்."

"ஊத்திட்டேன்."

அவர் பட்டறையின் சிமென்ட் தரையில் நிறுத்தி, அணைத்து, டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தார். கிளம்பியது. மறுபடி அணைத்து, இன்னொரு வண்டிக்குப் பிரேக் மாட்டிவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தார். கிளம்பியது.

"நல்லாத்தானே இருக்கு?"

"இங்க நல்லாத்தான் இருக்கும். பல்லு வலின்னு டாக்டர்கிட்டப் போனா வலி போயிடுமே, அந்த மாதிரி. காலைல எங்க வாசல்ல வந்து பாருங்க. ஏர் புடிக்குதுண்ணே."

"எங்கேருந்து புடிக்கும்? உலகம் பூரா ஏர்தான், அதுக்குன்னு வண்டிக்குள்ள பூந்துடுமா? டீசல் ஒழுகற இடத்துலதான் காத்து பூரும். அன்னிக்கு உங்க வாசல்ல கிளம்பாதப்ப நானே வந்து தடவிப் பாத்தேனே? சொட்டு ஈரம் இல்ல. லைன் எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கு. ஒழுகல, அதனால ஓட்டை இல்ல." கையைத் துடைத்தார். "ஸ்டார்ட்டர் கொஞ்சம் மெதுவா சுத்துதோ என்னமோ. பேட்டரிய ஒருதரம்..."

"பேட்டரியத் தொட்டீங்கன்னா நான் நடந்தே வீட்டுக்குப் போறேன்," என்றாள்.

ஆனால் ஒழுகவில்லை, அதனால் ஓட்டை இல்லை என்று அவர் சொன்னது மண்டையில் ஒட்டிக்கொண்டது. நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த நாள் காலை வண்டி கிளம்பியது. முந்தின சாயங்காலம் ஊற்றிய டீசல் முக்கால்வாசி அப்படியே இருந்தது. கட்டட இடத்தில் அன்று வேறு லாரி முந்திக்கொண்டு மேட்டில் நின்றதால், அவள் அஸ்திவாரப் பள்ளத்தின் பக்கம் மூக்கை இறக்கி, கல் முட்டுக் கொடுத்து நிறுத்தினாள். மழை வருகிற மாதிரி காற்றில் புழுக்கம். செங்கல் இறக்கி முடித்து, வண்டி நிழலில் ரொட்டியும் அவித்த முட்டையும் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, எதிரே புழுதியில் ஒரு பொட்டு தெரிந்தது. கறுப்பாக, ஈரமாக. விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். டீசல்.

முட்டையை வைத்துவிட்டு அடியில் புகுந்தாள். டாங்கிலிருந்து வண்டியின் சட்டத்தோடு வரும் இரும்புக் குழாய் எஞ்சின் பக்கம் முடிகிற இடத்தில், அதையும் பம்பையும் இணைக்க ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் ஹோஸ் உண்டு. எஞ்சின் ஆடும், சட்டம் ஆடாது. இரண்டுக்கும் நடுவில் வளைந்து கொடுக்க அந்த ரப்பர். அதன் கீழ் முனையை இறுக்கும் கிளாம்ப் வளையத்தின் ஓரமாக ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. விழவா வேண்டாமா என்று யோசிப்பது போல் தொங்கி, விழுந்தது.

ஒழுகுகிறது! மனசுக்குள் கொண்டாட்டம். அந்தக் கொண்டாட்டத்தோடு ஏறிச் சாவியைத் திருப்பினாள், இப்போது பார் கிளம்பாது என்று. அரைச் சுற்றில் கிளம்பிவிட்டது.

சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். அடிபட்ட பிறகு அவன் சிரிப்பது அபூர்வம்.

"அதுவா? அது எப்பவும் கொஞ்சம் கசியும். வாசல்ல நான் வண்டி நிறுத்துற எடத்துல ஒரு கறை இருக்கும் பாரு. வருஷக்கணக்கா இருக்கு. பழைய வண்டின்னா கசியத்தான் செய்யும். ஒழுகாத வண்டின்னா உள்ள எண்ணெய் இல்லைன்னு அர்த்தம்."

டிரைவர்களெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த தமாஷ் அது. எல்லாரும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். அவளும் பலமுறை சிரித்திருக்கிறாள்.

மறுநாள் விடிகாலை. டாங்கில் டீசல் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. வண்டி கிளம்பவில்லை. டார்ச் அடித்து ஹோஸைத் தடவினாள். காய்ந்த சருகு மாதிரி இருந்தது.

"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"ஒழுகற அன்னிக்கு ஸ்டார்ட் ஆவுதுடி. ஒழுகாத அன்னிக்கு ஆவல."

"தலைகீழா இருக்கே."

"தலைகீழாத்தான் இருக்கு," என்றாள் அவள், குமிழை அமுக்கிக்கொண்டே. கை வலித்தது. வண்டியைவிட அந்த வாக்கியம்தான் அவளைப் பாடாய்ப்படுத்தியது. அதை நாள் முழுக்க வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

அன்று நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள், விடிகாலையிலேயே எழுந்து முயன்றதால். கொத்தனார் இரண்டு மூலைச் சுவர்களுக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு நீளமான குழாய். கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக். அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்த மூலையிலும் மறு முனையை அந்த மூலையிலும் பிடித்தால், நடுவில் குழாய் எப்படிச் சுருண்டு கிடந்தாலும் தண்ணீர் இரண்டு முனையிலும் ஒரே உயரத்தில் நிற்கும். இதைவிட நேர்மையான கருவி உலகத்தில் இல்லை. அவருடைய ஆள் டீ வாங்கப் போயிருந்தான்.

"டிரைவரம்மா, அந்த முனையக் கொஞ்சம் புடிங்க. நடக்கறப்ப கட்டை விரலால அடைச்சுக்கணும், இல்லேன்னா கொட்டிடும்."

அடைத்துக்கொண்டு நடந்தாள். சாரத்தின் மேல் ஏறி, முனையைத் தலைக்கு மேல் தூக்கினாள். தண்ணீர் அசையவில்லை. விரலோடு ஒட்டிக்கொண்டது போல் உச்சியிலேயே நின்றது.

"இப்ப விரல எடுங்க."

எடுத்தாள். தண்ணீர் சரேலென்று கீழே வழுக்கிக்கொண்டு போய், அந்தப் பக்கம் கொத்தனாரின் சட்டையில் பீய்ச்சியது.

"ஏம்மா, அவ்ளோ ஒசரத்துலயா புடிப்பாங்க?"

"அண்ணே, இன்னொரு தடவ."

"என்ன இன்னொரு தடவ?"

"நிரப்புங்க. இன்னொரு தடவ பாக்கணும்."

கொத்தனார் நல்ல மனுஷன். நிரப்பினார். அவள் விரலை அடைத்துத் தூக்கினாள். நின்றது. விரலை முழுதாக எடுக்காமல், நகக்கண் அளவுக்கு நகர்த்தினாள். காற்று முத்து முத்தாக உள்ளே போனது, தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கியது. அவருடைய சட்டை மறுபடி நனைந்தது. பிறகு சாரத்திலிருந்து இறங்கி, முனையைத் தரைக்குக் கொண்டுவந்து அதே நகக்கண் இடுக்கைத் திறந்தாள். இப்போது அதே இடுக்கு வழியாகத் தண்ணீர் வெளியே கசிந்து மணிக்கட்டில் வழிந்தது.

அவள் குழாயைப் பிடித்தபடியே லாரியைப் பார்த்தாள்.

வீட்டுத் தெரு ஒரு பக்கம் அடைத்த தெரு. மேலே பெரிய சாலை. அங்கிருந்து சரிந்து இறங்கி, இவர்கள் வாசலில் வந்து முட்டி நிற்கும். கணவன் மாலையில் நேராக இறங்கி, மூக்கு வீட்டைப் பார்க்க நிறுத்துவான். காலையில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ரிவர்ஸில் தெரு முழுக்க ஏறிப்போவான். அதைப் பார்க்கச் சிறுபிள்ளைகள் நிற்பார்கள், அவனுக்கும் அதில் பெருமை. அவள் ஓட்ட ஆரம்பித்த புதிதில் அப்படி ஏறும்போது ஒரு சைக்கிள் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் முளைத்தது. பள்ளிக்கூடப் பை மாட்டிய பிள்ளை. இடித்துவிடவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் மாற்றிக்கொண்டாள். சாயங்காலம் தெரு காலியாக இருக்கும்போது நாத்தனார் வழிகாட்ட ரிவர்ஸில் இறங்கி, மூக்கு மேலே பார்க்க நிறுத்துவாள். காலையில் முன்பக்கமாகவே ஏறிப்போவாள்.

மூக்கு மேலே என்றால் எஞ்சின் மேலே, டாங்க் கீழே. ஹோஸில் நகக்கண் அளவு ஓட்டை இருந்தால் ராத்திரி முழுக்க அதன் வழியாகக் காற்று முத்து முத்தாக ஏறும், டீசல் டாங்குக்குத் திரும்பிப் போய்விடும். ஒரு சொட்டுகூட வெளியே வராது. மூக்கு கீழே என்றால் டாங்க் மேலே. அதே ஓட்டை வழியாக டீசல் வெளியே கசியும். ஆனால் குழாய் நிறைந்தே இருக்கும், வண்டி கிளம்பும். டாங்க் நிறைய டீசல் இருந்தால் அதன் மட்டம் உயர்ந்து, மேல் பார்த்து நின்றாலும் சமாளித்துக்கொள்ளும். தூரத்து லோடு அடித்த வாரம் தினமும் டாங்க் நிறைந்திருந்தது. பட்டறையில் தரை சமதளம், டாங்க் நிறைவு. உள்ளூர் ஓட்டத்துக்கு அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் ஊற்றும் நாள்களில்தான் வண்டி படுத்தது.

"அண்ணே, இந்தக் குழாயில ஒரு முழம் வெட்டித் தருவீங்களா?"

"சட்டையும் தரட்டுமா?" என்றார் கொத்தனார். வெட்டித் தந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் பேட்டரியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். டாங்கில் கொஞ்சம்தான் டீசல். மூக்கை மேலே பார்க்க நிறுத்தி, இரண்டு சக்கரத்துக்கும் கல் வைத்தாள். கொத்தனார் தந்த குழாயை நீட்டி அவள் சொன்னதைக் கேட்டு பேட்டரி தலையைச் சொறிந்தார்.

"இது டீசல்ல கெடந்தா வெறைச்சிடும்மா. பாக்கறதுக்கு மட்டும்தான், ஓட்டறதுக்கு இல்ல."

"பாக்கறதுக்குத்தான் கேக்கறேன்."

பழைய ஹோஸை அப்படியே விட்டு, அதன் மேல் முனைக்கும் பம்புக்கும் நடுவில் அந்தக் கண்ணாடிக் குழாயை மாட்டினார். குமிழை அமுக்கிக் காற்றெல்லாம் எடுத்து நிரப்பினார்கள். குழாயில் டீசல் தேன் நிறத்தில் அசையாமல் நின்றது. நாத்தனார் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கணவன் கழியை ஊன்றி, முதல் தடவையாக வாசல் வரை வந்தான். அண்ணன்காரரும் வந்து சேர்ந்தார், மறுநாள் வருகிறவனுக்கு வண்டியைக் கழுவி வைக்கச் சொல்ல.

"என்ன எல்லாரும் தவம் கெடக்கறீங்க?"

"ஷ்," என்றாள் நாத்தனார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பேட்டரி வாயைத் திறக்கப் போனார். அப்போது கீழேயிருந்து ஒரு முத்து கிளம்பியது. கடுகளவு. கண்ணாடிக் குழாயில் ஏறி, உச்சியில் போய் உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக, அவசரமே இல்லாமல். உச்சியில் காற்று சேரச் சேர, டீசல் கோடு கீழே இறங்கிக்கொண்டே வந்தது.

"அடி ஆத்தி," என்றாள் நாத்தனார் மெதுவாக. "மூச்சு விடுது."

டிரைவரம்மா ஒரு விரல் கிரீஸை வழித்தெடுத்து, ஹோஸின் கீழ் முனையில் கிளாம்பைச் சுற்றித் தடிமனாக அப்பினாள். முத்துகள் நின்றன. டீசல் கோடு அப்படியே நின்றது. துணியால் கிரீஸைத் துடைத்தாள். கொஞ்சம் பொறுத்து முதல் முத்து கிளம்பியது.

பேட்டரி முட்டிபோட்டுக் கிளாம்பைக் கழற்றி ஹோஸை உருவினார். கிளாம்புக்கு அடியில், மேலே பார்த்தால் தெரியாத பக்கத்தில், ரப்பர் வெடித்திருந்தது. மயிரிழை அளவு. வளைத்தால் வாய் பிளந்தது, விட்டால் மூடிக்கொண்டது.

"இதத்தான் நான் தடவிப் பாத்தேன்," என்றார். "காஞ்சிருந்துச்சு. அதான் விட்டுட்டேன். ஒழுகலேன்னா ஓட்டை இல்லேன்னு இனிமே சொல்ல மாட்டேன், தாயே."

கணவன் வாசல் தரையில் தெரிந்த பழைய கறையைப் பார்த்தான். பிறகு ஹோஸைப் பார்த்தான். "அப்ப நான் ஓட்டறப்பவே இருந்திருக்கு."

"இருந்திருக்கு. உங்களுக்கு டீசலாக் கசிஞ்சுது, எனக்குக் காத்தாப் போச்சு. ஓட்டை ஒண்ணுதான்."

அண்ணன்காரர்தான் முதலில் சுதாரித்தார். "அவ்வளவுதானே? விடு. ராத்திரிக்கு மூக்கக் கீழ பாத்து நிறுத்திடுங்க. காலைல வர்றவன் முன்னாடி ஜம்முனு கிளம்பும். பேசி முடிச்சிடலாம்."

"விக்கறது இருக்கட்டும்ணே," என்றான் கணவன். அவள் பக்கம் திரும்பினான். குரல் தணிந்திருந்தது. "ஆனா அவர் சொல்றதும் சரிதான். நான் நிறுத்தற மாதிரியே நீயும் நிறுத்திட்டா பிரச்சினையே வராது இல்ல? காலைல ரிவர்ஸ் எடுக்கறது பழகிக்கலாம்."

அவள் ஹோஸை அவர்கள் இருவருக்கும் நடுவில் தூக்கிப் பிடித்தாள்.

"கோளாறு இந்த ஒரு முழ ரப்பர்ல இருக்கு. இதுக்காக நான் எதுக்குத் திரும்பி நிக்கணும்? பள்ளிக்கூடத்துக்குப் புள்ளைங்க போற நேரத்துல முதுகுல கண்ணு வெச்சுக்கிட்டு இந்த மேட்டுல ஏற மாட்டேன். நான் நிறுத்தற மாதிரிதான் நிறுத்துவேன். மாற வேண்டியது ரப்பர், நான் இல்ல."

தெருவில் யாரோ வாளியை வைக்கும் சத்தம் கேட்டது. கணவன் கழியை மாற்றி ஊன்றினான்.

"காரணம் சொல்லுன்னீங்க. சொல்லிட்டேன்," என்றாள்.

"சொல்லிட்ட," என்றான் அவன். பிறகு அண்ணனைப் பார்த்து, "வர்றவனுக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிடுங்கண்ணே."

"வரட்டும்," என்றாள் அவள். "வந்து பாக்கட்டும். நீங்களும் வாங்க மாமா. விக்கறதுக்கு இல்ல. பாக்கறதுக்கு."

ஞாயிறு காலை வந்தவன் தெரு முனையிலேயே நின்றுகொண்டான், உள்ளே வருவதா வேண்டாமா என்று. அண்ணன்காரர் அவனிடம் என்ன சொல்லி வைத்திருந்தாரோ. ராத்திரி பெய்த மழையில் தெரு கழுவி விட்டது போல் இருந்தது. லாரி மூக்கை மேலே தூக்கி நின்றது. பேட்டரி பட்டறைக்குப் போகிற வழியில் இறங்கி, ஓர் ஓரமாக நின்றார். கணவன் சன்னலில் இல்லை, வாசலில் இருந்தான்.

"டீசல் ஏதாவது ராத்திரி ஊத்தினியா?" என்று கேட்டார் அண்ணன்காரர்.

"குச்சி விட்டுப் பாருங்க."

அவர் நிஜமாகவே குச்சி விட்டுப் பார்த்தார். நுனி மட்டும் நனைந்திருந்தது.

அவள் ஏறினாள். ஆக்சிலேட்டரைத் தொடவில்லை. சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் ஒரு முறை இழுத்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டு, குளிர்ந்த காலையில் ஒரு கொத்துப் புகையை விட்டு, சீராக ஓடியது. நாத்தனார் டம்ளரை முட்டுக் கல் மேல் வைத்துவிட்டுக் கையைத் தட்டினாள். பிறகு கல்லை எடுக்க வேண்டுமே என்று டம்ளரைத் திரும்ப எடுத்தாள்.

டிரைவரம்மா சன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"கூடம் கோணல்தான் மாமா," என்றாள். "எனக்கு ஆடவும் தெரியும்."

அண்ணன்காரர் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டார். ஓரமாக நகர்ந்து வழிவிட்டார். அவள் முன்பக்கமாகவே மேட்டில் ஏறி, பெரிய சாலையில் திரும்பினாள்.

செய்தது இவ்வளவுதான். டாங்குக்கும் பம்புக்கும் நடுவிலிருந்த வெடித்த ரப்பர் ஹோஸை எடுத்துவிட்டு, அதே நீளத்துக்கு டீசல் தாங்கும் புது ஹோஸ் போட்டார்கள். இரும்புக் குழாயின் முனையைத் துருப் போகத் தேய்த்து, இரண்டு பக்கமும் புதுக் கிளாம்ப் வைத்து இறுக்கினார்கள். குமிழை அமுக்கி ஒரு தடவை காற்றை எடுத்தார்கள். வண்டி இப்போதும் மேல் பார்த்துத்தான் நிற்கிறது. காலையில் கிளம்புகிறது.